ஒரு காபன் குறைவு

மகனுக்கு,

இந்தக் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் பிரிக்காதே. ஹெவ்லொக் டவுனில் உன் அறைக்குப் போய், முகத்தைக் கழுவிவிட்டு, ஆறுதலாக இருந்து வாசி. வெள்ளவத்தையில் இருந்து உன்னிடம் வர திறீவீலரில் பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தைத் தவிர்ப்பதற்காகத்தான் நான் மூன்று நாளாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நேரே வந்தால் நான் உனக்கு வகுப்பெடுக்கத் தொடங்கிவிடுவேன். நீ பழக்கதோஷத்தில் ‘ஓம் அப்பா, ஓம் அப்பா’ என்று தலையாட்டுவாய். இரண்டு பேரும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழும்பிவிடுவோம். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று கதைத்தே பிழைத்தவனுக்கு, சொந்தப் பிள்ளையிடம் ஒரு விஷயம் சொல்ல எழுத்துத்தான் வேண்டியிருக்கிறது. சிரிக்க வேண்டுமென்றால் சிரித்துக்கொள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை யாழினி வந்திருந்தாள். கலியாண அழைப்பிதழில் பெயர்கள் சரியா என்று பார்க்க வந்ததாகச் சொன்னாள். பெயர்களை ஒரு நிமிடத்தில் பார்த்துவிட்டு, அம்மா தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனதும் குரலைத் தாழ்த்தினாள். “மாமா, அந்த மெல்பர்ன் வேலைக்கு வரமாட்டன் எண்டு இவர் வெள்ளிக்கிழமை எழுதப் போறார். ரெண்டு பேருக்கும் ஒரே ஊரில கிடைச்சது. இனிக் கிடைக்காது. கேட்டா, ‘முத்தையா அண்ணையின்ட கண் என்னாலதான் போனது, அவரை விட்டிட்டு எங்க போறது’ எண்டு சொல்றார். எனக்கு அதில கோபம் இல்லை மாமா. அப்பிடிப்பட்ட ஆள் எண்டுதானே கட்டப்போறன். எண்டாலும் நீங்கள் ஒருக்கா கதைச்சுப் பாருங்கோ.” நான் கதைக்கிறேன் என்று சொன்னேன். அவள் போன பிறகு பல்கனியில் நின்று, கடற்கரை ரயில் இரண்டு போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கதைக்க வேண்டியது ஒரேயொரு வசனம். முத்தையாவின் கண் போனது உன்னால் இல்லை, என்னால். இதை எனக்கு ஆறு வருடமாகத் தெரியும்.

எப்படியென்று முழுவதும் சொல்கிறேன். கெமிஸ்ட்ரி உனக்குப் பிடிக்காது, அதற்கும் நான்தான் காரணம், அதைப் பிறகு சொல்கிறேன். இந்த ஒரு தரம் மட்டும் பொறுத்துக்கொண்டு கேள். சாராயத்தில் இருக்கிற அற்ககோலின் பெயர் எதனோல். கடையில் எதைல் என்பார்கள். இரண்டு காபன், ஆறு ஐதரசன், ஒரு ஒட்சிசன். அதிலிருந்து ஒரு காபனையும் இரண்டு ஐதரசனையும் எடுத்துவிட்டால் மெதனோல். இரண்டும் தண்ணீரைப் போலத் தெளிவு. இரண்டும் கையில் பட்டால் குளிரும், நெருப்பைக் காட்டினால் பற்றும், தண்ணீரோடு தயக்கமில்லாமல் கலக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணால் பிரித்தறிய முடியாது. வித்தியாசம் உடம்புக்குள் போன பிறகுதான் தெரியவரும். ஈரல் இரண்டையும் ஒரே மாதிரித்தான் நடத்துகிறது. ஒரே நொதியம்தான் இரண்டையும் மாற்றுகிறது. எதனோல் கடைசியில் வினாகிரியில் உள்ள அமிலமாகிறது, அதை உடம்பு எரித்துத் தீர்த்துவிடும். மெதனோலோ முதலில், பிணம் கெடாமல் வைக்கிற போமலினில் உள்ள பொருளாகி, பிறகு எறும்பு கடித்தால் சுடுகிறதே, அந்த அமிலமாகிறது. அது போய்க் கண்ணின் நரம்பைப் பிடிக்கிறது. இதில் ஈரல் ஒரு பிழையும் செய்வதில்லை. அது வழக்கமான வேலையைத்தான் செய்கிறது. உள்ளே வந்த பொருள்தான் வேறு.

இதைவிடச் சின்ன வித்தியாசத்தை உன் அம்மா எனக்கு முன்பே காட்டியிருக்கிறாள். நீ பிறப்பதற்கு முன் நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஒரு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். ஒரு சனிக்கிழமை நான் உதவி செய்கிறேன் பேர்வழி என்று குசினித் தட்டுகளைத் துடைத்து அடுக்கினேன். உடுப்புத் தோய்க்கிற சோடா ஒரு கடதாசிப் பையில் கிழிந்து கிடந்தது. அதை எடுத்து, வெறுமையாக இருந்த அப்பச்சோடா டப்பாவில் கொட்டிவைத்தேன். அடுத்த நாள் அப்பம் மஞ்சளாக வந்தது. வாயில் வைத்தால் சவர்க்காரம். நான் உடனே உற்சாகமாகிவிட்டேன். ஒரு சோடியம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஐதரசன் வந்தால் அப்பச்சோடா, ஐதரசன் போய்ச் சோடியம் வந்தால் உடுப்புச்சோடா, இரண்டுக்கும் இடையில் வேறொன்றுமில்லை என்று விரலை நீட்டி விளக்கினேன். அம்மா அப்பக்கல்லைக் கழுவியபடி, “அப்ப அந்த ஒரு ஐதரசனை டப்பாவுக்கு மேல எழுதி ஒட்டுங்கோவன்” என்றாள். அன்றிலிருந்து எங்கள் குசினியில் உப்புப் போத்தலுக்குக்கூட லேபிள் இருக்கிறது. எல்லாம் அம்மாவின் எழுத்து. நான் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

நான் எப்படிப்பட்ட கெமிஸ்ட்ரி மாஸ்டர் என்பதை நீ அறிவாய். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ரியூசன் மண்டபம் நிறைய உயர்தரப் பிள்ளைகள். கரும்பலகையும் சோக்கும்தான் என் ஆய்வுகூடம். என் வகுப்பில் சோதனைக்குழாய் என்றால் இரண்டு கோடும் கீழே ஒரு வளைவும். எதனோலையும் மெதனோலையும் பிரித்தறிய அயடோபோம் சோதனை: அயடினும் காரமும் சேர்த்து இளஞ்சூடாக்கு, எதனோல் என்றால் மஞ்சள் வீழ்படிவு, மெதனோல் என்றால் ஒன்றுமில்லை. இதை வருடத்துக்கு மூன்று தரம் வீதம் முப்பது வருடம் எழுதிப் போட்டிருக்கிறேன். மஞ்சள் சோக்கால் அந்த வீழ்படிவைத் தீட்டுவேன், பிள்ளைகள் கொப்பியில் மஞ்சள் பென்சிலால் தீட்டுவார்கள். பல்கலைக்கழகத்தை விட்டு வந்த பிறகு உண்மையான ஒரு மஞ்சள் வீழ்படிவை நான் கண்ணால் கண்டதில்லை. காணத் தேவையில்லை என்று நினைத்தேன். விடை தெரிந்தவன் எதற்குச் செய்துபார்க்க வேண்டும்?

நீயும் அந்த வகுப்பில் ஒரு வாங்கில் இருந்தாய். ஒரு பரீட்சைத்தாளில் எதேனுக்கு மெதேனின் சூத்திரத்தை எழுதிவிட்டாய். முதல்முறை கற்கிற பிள்ளை எவருக்கும் வருகிற பிழை. நான் அந்தத் தாளை எடுத்து எல்லோருக்கும் முன்னால் உயர்த்திப் பிடித்து, “பாருங்கோ, என்ர மகன் ஒரு காபனை விழுங்கிப்போட்டார், பசி போல” என்றேன். மண்டபம் முழுக்கச் சிரித்தது. நீயும் சிரித்தாய், காது மட்டும் சிவந்திருந்தது. அடுத்த மாதம் வர்த்தகப் பிரிவுக்கு மாறினாய். அதைப் பற்றி நாம் கதைத்ததே இல்லை. நீ கணக்கியலில் நன்றாகச் செய்தபோது, எல்லாம் நல்லதுக்குத்தான் என்று நான் சொந்தக்காரருக்குச் சொல்லித் திரிந்தேன். ஆனால் அன்றிலிருந்து உன் மனதில் ஒன்று பதிந்துவிட்டது: மெதேனும் எதேனும் எனக்கு மாறும், நான் அப்படியான ஆள். பிற்காலத்தில் எனக்கு அது மிகவும் வசதியாகப் போயிற்று.

கொரோனா வந்த முதல் மாதங்கள். ஊரடங்கு, முகக்கவசம், கதவுப்பிடியைத் தொடப் பயம். பார்மசிகளில் கைக்குப் பூசுகிற சனிட்டைசர் ஒரு துளி இல்லை. பிளாட்ஸ் கமிட்டியின் வட்ஸ்அப் குழுவில் ஒருவர், “சேர், நீங்கள் கெமிஸ்ட்ரி மாஸ்டர்தானே, ஒரு வழி சொல்லுங்கோ” என்று போட்டார். வகுப்புகள் நின்று, வீட்டுக்குள் சும்மா நடந்துகொண்டிருந்த எனக்கு அது வெல்லமாக இனித்தது. நானே செய்து முப்பத்தாறு வீட்டுக்கும் தருகிறேன் என்று எழுதினேன். ஊரடங்கு தளர்த்திய நாளன்று உன்னைப் புறக்கோட்டைக்கு மோட்டார்சைக்கிளில் அனுப்பினேன். கையில் ஒரு கடதாசித் துண்டு தந்தேன். அந்தத் துண்டில் நான் எழுதியது இது: ஸ்பிரிட் பத்து லீட்டர், கிளிசரின் ஒரு போத்தல், ஸ்பிரே போத்தல் நாற்பது. எதைல் என்ற சொல்லை நான் எழுதவில்லை. வாயாலும் சொல்லவில்லை. ஸ்பிரிட் என்றால் எனக்கு எதனோல்தான், ஆகவே உலகத்துக்கும் அப்படித்தான் என்று இருந்தேன்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது நீ ஒரு பகிடி சொன்னாய். கடைக்காரர் உன்னிடம், “மொன ஸ்பிரிட்த மல்லி, பொலிஷ் கரன்னத?” என்று கேட்டாராம். எந்த ஸ்பிரிட் தம்பி, மேசை கதிரைக்குப் பொலிஷ் போடவா என்று சிங்களத்தில் கேட்கிறார். நீ துண்டைக் காட்டினாயாம். அவர் பீப்பாயில் இருந்து ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கானில் நிறைத்துத் தந்தாராம். “என்னைப் பார்த்தால் தச்சுவேலை செய்யிற ஆள் மாதிரியா இருக்கு அம்மா?” என்று நீ கேட்க, அம்மா சிரித்தாள். என் கை சோற்றில் நின்றுவிட்டது. பொலிஷ்காரர்கள் பாவிக்கிற ஸ்பிரிட் வெறும் மெதனோலாக இருக்கக்கூடும் என்பது எனக்குத் தெரியும், அதையும் பாடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சாப்பிட்டு முடிந்ததும் கானைத் திறந்து மணந்து பார்த்தேன். கொஞ்சம் இனிப்பான மணம். எதனோலின் மணம் இப்படியா என்று நினைத்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. கானில் லேபிள் எதுவும் இல்லை.

சோதிக்க என்ன வேண்டும்? காயத்துக்குப் போடுகிற அயடின் முதலுதவிப் பெட்டியில் இருந்தது. குழாய் அடைத்தால் ஊற்றுகிற கோஸ்டிக் சோடா சிங்கின் கீழ் இருந்தது. அம்மாவின் சின்னச் சட்டி ஒன்று போதும். கால் மணித்தியால வேலை. நான் செய்யவில்லை. மறந்ததனால் இல்லை, நேரம் இல்லாமலும் இல்லை. மஞ்சள் வராவிட்டால் என்ன செய்வது என்ற பயம். வராவிட்டால் குழுவில் எழுத வேண்டும், மாஸ்டருக்குப் பிழைத்துவிட்டது என்று. உன்னைத் திரும்பப் புறக்கோட்டைக்கு அனுப்ப அடுத்த ஊரடங்குத் தளர்வுவரை காத்திருக்க வேண்டும். கைக்குத்தானே பூசப்போகிறார்கள், குடிக்கவா போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கைக்கும் நல்லதில்லை என்பது தெரிந்தே சொன்னேன். பிறகு மேசையில் இருந்து, முப்பத்தாறு துண்டுகளில் ‘எதனோல் 70%’ என்று என் வடிவான எழுத்தில் எழுதி, ஒவ்வொரு போத்தலிலும் ஒட்டினேன். நீ பக்கத்தில் இருந்து கத்தரிக்கோலால் துண்டு வெட்டித் தந்தாய்.

முத்தையா எங்கள் பிளாட்ஸ் கேற்றில் பன்னிரண்டு வருடம் காவலுக்கு நின்ற மனிதர். பாடசாலைக்குப் போகும்போது உன் சப்பாத்து நாடாவைக் கட்டிவிட்டவர். அவருக்கு ஒரேயொரு பழக்கம்: வேலை முடிந்து முகத்துவாரத்தில் உள்ள வீட்டுக்குப் போகும் வழியில் கொஞ்சம் சாராயம். அந்த நாட்களில் சாராயக் கடைகள் எல்லாம் பூட்டு. நான் போத்தல்களைக் கொண்டுபோய்க் கேற்றடியில் அடுக்கியபோது கையில் ஒரு துளி பூசிப் பார்த்துவிட்டு, “என்னா சேர் இது, நம்ம சாராய வாசம் அடிக்குதே?” என்றார். நான் நல்ல குஷியில் இருந்தேன். “உங்கட ஆள்தான் முத்தையா, உடுப்பு மாத்திக்கொண்டு வந்திருக்கிறார்” என்றேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மிச்சமிருந்த கால் லீட்டர் வரையிலான ஸ்பிரிட்டைக் கானோடு அவரிடம் கொடுத்து, தண்ணீர் மோட்டர் அறையில் வைக்கச் சொன்னேன். பயந்துகொண்டு ஒட்டிய லேபிள் ஒரு பக்கம் இருக்கட்டும். சந்தேகம் வந்த ஒன்றைப் பற்றி, குடிக்கிறதும் இதுவும் ஒன்றுதான் என்று ஒரு மனிதனுக்குச் சொன்னது என் வாய்தான்.

மூன்றாம் நாள் காலை நான் பேப்பர் எடுக்கக் கீழே இறங்கினேன். முத்தையா கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். “சேர், கண்ணுக்கு முன்னால பனி மூட்டமா இருக்கு. நீங்க வர்றது தெரியுது, மொகம் தெரியல” என்றார். எனக்கு அந்த நிமிடமே எல்லாம் விளங்கிவிட்டது. மோட்டர் அறையில் கான் வெறுமையாகக் கிடந்தது. நீதான் ஓடிப்போய், ஊரடங்குப் பாஸ் வைத்திருந்த மேல்வீட்டுக்காரரின் காரை எடுப்பித்தாய், நீதான் அவரைத் தூக்கி ஏற்றினாய். ஆஸ்பத்திரியில் என்ன மருந்து கொடுத்தார்கள் தெரியுமா? எதனோல். அந்த நொதியம் எதனோலைக் கண்டால் அதைத்தான் முதலில் பிடிக்கும், மெதனோல் மாறாமல் காத்திருக்கும், அதற்குள் இரத்தத்தைச் சுத்திகரித்து வெளியே எடுத்துவிடலாம். ஒரு காபன் குறைந்ததால் வந்த கேட்டுக்கு அந்தக் காபன் உள்ளதுதான் மருந்து. உயிர் தங்கிவிட்டது. பார்வை தங்கவில்லை. வலது கண் முழு இருட்டு, இடது கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும்.

நடைபாதையில் டொக்டர் கேட்டார், என்ன ஸ்பிரிட், யார் வாங்கினது என்று. முத்தையாவின் மனைவி செல்வமணி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். நீ என் பக்கத்தில் நின்றாய். நான் சொன்னேன், “எதைல் எண்டு எத்தனை தரம் சொல்லி அனுப்பினனான் டொக்டர். இவர் மாறி வாங்கிக்கொண்டு வந்திட்டார்.” யோசித்துச் சொன்னதென்று நினைக்காதே. வாய் தானாகச் சொன்னது. ஆனால் சொன்ன பிறகு திருத்துவதற்கு நிறைய நேரம் இருந்தது. நீ என்னைப் பார்த்தாய். பிறகு நிலத்தைப் பார்த்து, “நான் மறந்திட்டன் போல இருக்கு” என்றாய். மறக்க அங்கே ஒன்றுமே இருக்கவில்லை, மகன். நீ உன் நினைவைத் துழாவினாய், அங்கே மண்டபத்தில் உயர்த்திப் பிடித்த அந்தப் பரீட்சைத்தாள் கிடந்தது, அதை நம்பினாய். வேறொரு பிள்ளையாக இருந்தால், எங்கே சொன்னீர்கள் என்று சண்டைக்கு வந்திருக்கும். உனக்கு அந்தப் பொய் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. தைத்தவன் நான்.

பிளாட்ஸுக்கு வந்ததும் முதலில், ஸ்பிரிட் மாறி வந்துவிட்டது என்று குழுவில் எழுதி, முப்பத்தாறு போத்தலையும் திரும்ப எடுத்தேன். வீட்டுக்குள் போனபோது அந்தத் துண்டு ஃபிரிட்ஜின் மேல் இருந்தது. வெளியே போய் வந்த உடுப்பை உடனே ஊறப்போடுகிற காலம், உன் சட்டைப்பையில் இருந்ததை அம்மா எடுத்துக் காயவைத்திருந்தாள். என் எழுத்து, ஸ்பிரிட் பத்து லீட்டர். நான் அதைக் கிழித்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். ஆகவே இப்போது உன்னிடம் தருவதற்கு என் சொல்லைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. முந்தாநாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துண்டு தனக்கு நினைவிருக்கிறது, அதில் என்ன இருந்தது என்று தான் வாசிக்கவில்லை என்றாள். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. தேத்தண்ணி மட்டும் நேரத்துக்கு மேசைக்கு வருகிறது.

ஆறு வருடமாக, மாதத்தின் முதல் சனிக்கிழமை நீ முகத்துவாரத்துக்குப் போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளினிக் நாட்களில் லீவு போட்டு அவரைக் கூட்டிப் போவாய். திரும்பி வந்தால், “முத்தையா என்ன மாதிரி?” என்று கேட்பேன். “பரவாயில்லை அப்பா” என்பாய். இதைக் கேட்கிற உரிமையும் எனக்கு இல்லை என்று தெரிந்துகொண்டே கேட்டேன். முத்தையா தான் களவாகக் குடித்தது குற்றம் என்று இருந்தார். நீ மாறி வாங்கியது குற்றம் என்று இருந்தாய். குற்றத்தை நீங்கள் இரண்டு பேரும் பங்குபோட்டு எடுத்துக்கொண்டதால் மூன்றாவது ஆளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அவன் ஓய்வூதியம் இல்லாத ரியூசன் மாஸ்டராக நிம்மதியாகப் பேப்பர் வாசித்தான் என்று எழுத ஆசைதான். நிம்மதி என்று சொல்ல முடியாது. ஆனால் சாப்பிட்டேன், உறங்கினேன், மற்றவர்களின் பிள்ளைகளுக்கு அயடோபோம் சோதனையைத் திரையில் தொடர்ந்து சொல்லிக் கொடுத்தேன். மனிதனால் அது முடிகிறது.

கலியாணம் கட்டப்போகிறவனுக்குப் புத்தி சொல்வது அப்பன்மாரின் வழக்கம். என் புத்திமதியை எவ்வளவு தூரம் எடுக்கலாம் என்று உனக்கே இப்போது தெரியும். என்றாலும் சொல்கிறேன். வீட்டில் எதையாவது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றினால் அந்த இடத்திலேயே எழுதி ஒட்டு. யாழினி ஒரு விஷயத்தை இரண்டாம் தரம் கேட்டால், சொன்னேன்தானே என்று எரிந்து விழாதே, நீ சொல்லாமல் இருந்திருக்கலாம். நன்றாகத் தெரியும் என்று நினைக்கிறவற்றைத்தான் முதலில் சோதித்துப் பார், தெரியாததை எப்படியும் சோதிப்பாய். உனக்குப் பிள்ளை பிறந்தால் அது விடுகிற பிழையை நாலு பேருக்கு முன்னால் சொல்லிச் சிரிக்காதே. அப்படிச் சிரித்தவனுக்கு, பிறகொரு நாள் தன் பிழையையும் அந்தப் பிள்ளையின் கணக்கில் போட்டுவிடுவது மிகவும் சுலபம்.

நேற்று நான் முகத்துவாரம் போனேன். இதை உனக்கு அனுப்புவதற்கு முன் அவரிடம் சொல்ல வேண்டும் என்று பட்டது. செல்வமணி இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தாள். முத்தையா வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் தொண்டையைச் செருமியதும், “ஆரு, சேரா?” என்று ரேடியோவை நிறுத்தினார். நான் உட்காராமல், வகுப்பில் நிற்பது போல நின்றுகொண்டே சொன்னேன். துண்டு, பொலிஷ், மணம், லேபிள், ஆஸ்பத்திரியில் சொன்னது, எல்லாம். முடிந்ததும் அவர், “யாரும் என் வாயில ஊத்தல சேர். நானாத்தான் எடுத்துக் குடிச்சேன்” என்றார்.

“அது நஞ்சாய் இருக்கும் எண்டு நான் சந்தேகப்பட்டனான் முத்தையா. சந்தேகப்பட்டுக்கொண்டே உங்களுக்குப் பகிடி விட்டனான்.”

அவர் முகத்தை வெளிச்சம் வருகிற பக்கம் திருப்பினார். “தம்பிக்கு இது தெரியுமா?”

“இல்லை.”

“அந்தப் புள்ள மாசாமாசம் இந்த எடத்துல குந்திக்கிட்டு, ‘என்னய மன்னிச்சிட்டீங்களா அண்ணே’ன்னு கேக்கும் சேர். நானும் மாசாமாசம் மன்னிச்சிட்டேன்னு சொல்லுவேன். நம்பாது. அடுத்த மாசம் வந்து திரும்பக் கேக்கும். ஏன் இந்தப் புள்ளைக்கி ஆற மாட்டேங்குதுன்னு நானும் இவளும் பேசிக்குவோம்.” கையை நீட்டிக் கதிரைப் பிடியைத் தேடிப் பிடித்துக்கொண்டார். “என் கண்ணுக்கு நீங்க பதில் சொல்ல வேணாம். அந்தப் புள்ளைக்கி என்னா பதில் சொல்லப் போறீங்க?”

நீ அவரிடம் அப்படிக் கேட்பாய் என்பது எனக்குத் தெரியாது. நான் அழுதேன். செல்வமணி அடுப்பை விட்டு எழும்பி வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். நீ பட்டதற்கு நான் வருந்துகிறேன் என்பது சின்னச் சொல், ஆனால் அது உண்மை. ஆறு வருடம் நீ மாதாமாதம் வெட்கப்பட்டிருக்கிறாய், அந்த வெட்கம் என்னுடையது.

கிளினிக்குக்கு இனி நான் கூட்டிப் போகிறேன் என்று அவரிடம் கேட்டேன். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. “வாங்க. ஆனா வர்றேன்னுட்டு வராம இருந்துறாதீங்க சேர்” என்றார். பிறகு கடைக்குப் போக வேண்டும், கூட்டிப் போங்கள் என்றார். என் தோளில் கை வைத்துக்கொண்டு படி இறங்கினார். அந்தக் கை உன் தோளின் உயரத்துக்குப் பழகிய கை. என் தோள் பதிவாக இருந்ததால் இரண்டு தரம் தடுமாறினார். “தம்பி கொஞ்சம் ஒசரம்” என்றார். நான் படியை எண்ணிச் சொன்னேன், அவர் இறங்கினார். அடுத்த செவ்வாய்க்கிழமை கிளினிக். திகதியை எழுதி வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை மெல்பர்னுக்கு, வருகிறோம் என்று எழுது. என்னை மன்னிப்பதா இல்லையா என்பதைப் பிறகு பார், அதற்கு வெள்ளிக்கிழமை என்ற கெடு இல்லை. நீ வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் செவ்வாய்க்கிழமை நான் போவேன். புறப்படுவதற்கு முன் ஒரு தரம் முகத்துவாரம் போய், முத்தையாவோடு இருந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வா. இந்த முறை அவரிடம் மன்னிப்புக் கேட்காதே. கேட்பதற்கு உன்னிடம் ஒன்றும் இல்லை.

அப்பா